ஈரத் தலையும் கார்க் கண்ணாடியும்

முதல் நாள் காலையில் அதைப் பார்த்தபோது, யாரோ வேண்டாதவன் எங்கள் காருக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போயிருக்கிறான் என்றுதான் நினைத்தேன். முன்கண்ணாடி, பக்கக் கண்ணாடி, பின்கண்ணாடி எல்லாம் வெள்ளை. விரலை வைத்தேன், சுட்டது. குளிரும் சுடும் என்று ஊரில் எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. அங்கே நான் லொறி ஓடிய காலத்தில் கண்ணாடிக்கு எதிரிகள் பூச்சியும் புழுதியும் மழையும்தான். அவற்றுக்கு ஒரு பழந்துணி போதும். அந்தப் பழக்கத்தில் துணியை எடுத்துத் தேய்த்தேன். துணிதான் தேய்ந்தது.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. சுவிற்சர்லாந்தில் எம்மன்புரூக்கே என்ற இடத்தில், ஆலைப் புகைபோக்கிகள் தெரியும் ஒரு வீட்டின் மேல்மாடியில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். மூத்தவரை நாங்கள் அண்ணை என்று கூப்பிடுவோம். ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர். எந்தச் சட்டத்தையும் எழுத்துக்கு எழுத்து மதிப்பவர், இல்லாத சட்டத்துக்கும் பயப்படுபவர். அடுத்தவன் மட்டக்களப்பான், என் வயதுக்காரன். என்ன சொன்னாலும் நடுவில் ஒரு 'மறுகா' போடாமல் அவனுக்குக் கதை நகராது; 'பிறகு' என்பதற்கு அவன் ஊர்ச் சொல் அது. மூவருக்கும் பக்கத்து நகரமான லுட்சேர்னில் ஒரே ஹோட்டலின் குசினியில் வேலை. அண்ணை மரக்கறி வெட்டுவார், மட்டக்களப்பான் நிலம் கழுவுவான், நான் சட்டி பானை கழுவுவேன். காரை மூவரும் சேர்ந்துதான் வாங்கினோம். ஓடத் தெரிந்தவன் நான் மட்டும். காங்கேசன்துறைச் சீமெந்து ஏற்றிக் கொழும்புவரை லொறி ஓடியவன் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அந்தக் குளிர்காலத்தில் எனக்கு இருந்த ஒரே கவலை என் கைகள். சட்டி கழுவும் மருந்துத் தண்ணீரில் கிடந்து கிடந்து விரல்கள் எல்லாம் வெடித்துவிட்டன. கையுறை போட்டால் உள்ளே வியர்த்து இன்னும் மோசமாகும். சோற்றில் கை வைத்தால் உப்பு எரியும், கரண்டியால் சாப்பிட்டேன். டொக்டர் என் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தண்ணீரிலிருந்து கையை எடுக்காவிட்டால் இது ஒருநாளும் ஆறாது என்று சொல்லிவிட்டார். கையை எடுத்தால் வேலை போகும். வேலை போனால், அகதி மனுவுக்கு இன்னும் பதில் வராதவன் என்ன ஆவான் என்பதை யோசிக்கவே நான் விரும்பவில்லை.

அப்போதுதான் ஹோட்டலுக்கு விரிப்புகள் வெளுத்துத் தரும் சலவைக்காரர், தன் வான் ஓட்டுநர் மாசியில் வேலையை விட்டு நிற்கப்போகிறான், நீ வருகிறாயா என்று என்னைக் கேட்டார். எனக்குக் கடவுள் நேரே வந்து கேட்டது போலிருந்தது. ஒரு நிபந்தனை மட்டும்: சுவிஸ் லைசென்ஸ் வேண்டும். ஊர் லைசென்சோடு ஒரு வருடம்தான் ஓடலாம். அதற்குள் ஒரு பரீட்சகரைப் பக்கத்தில் ஏற்றி ஓடிக்காட்டி மாற்ற வேண்டும். ஓடிக்காட்டக் கிடைப்பது ஒரே ஒரு தடவை. தவறினால் பழைய லைசென்சும் செல்லாது, பள்ளிக்கூடப் பிள்ளை போல முதலிலிருந்து படிக்க வேண்டும். எனக்குத் தரப்பட்ட நாள், தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை. நல்ல நாள் என்று அண்ணை மகிழ்ந்தார். அந்த நேரத்தில் கண்ணாடி எப்படி இருக்கும் என்ற யோசனைதான் எனக்கு.

வெளியே உறைவதை ஒருவாறு சமாளிக்கப் பழகினோம். முதலில் எஞ்சினை இயக்கிவிட்டு மேலே போய்த் தேநீர் குடித்தேன். சூட்டில் எல்லாம் தானாக உருகிவிடும் என்று கணக்கு. பாதித் தேநீரில் மணி அடித்தது. கீழ்வீட்டு சுவிஸ் அம்மா இரவு உடுப்புக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றார். நிற்கும் காரை இயங்கவிடுவது தடை, என்றார். இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை உடுப்புத் தோய்ப்பது தடை, இரவு பத்து மணிக்குப் பிறகு குளிப்பது தடை, போத்தலை நினைத்த நேரத்தில் தொட்டியில் போடுவது தடை. இது புதிது. அண்ணை அன்று முழுக்க, "நான் சொன்னனான், நான் சொன்னனான்" என்றுகொண்டு திரிந்தார். உண்மையில் அவர் முதலில் அப்படி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

பிறகு கண்ணாடியைப் போர்த்துவிடலாம் என்று மட்டக்களப்பான் யோசனை சொன்னான். போர்த்த எங்களிடம் இருந்தது இடுப்பில் கட்டும் சாரங்கள்தான். அவன் தன் நல்ல சாரம் ஒன்றைக் கொண்டுவந்து முன்கண்ணாடியில் விரித்தான். காலையில் போய்ப் பார்த்தால் சாரம் பலகை போல விறைத்துக் கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்தது. இழுத்தோம், கிழிந்தது. மறுபாதி மத்தியானம் வரை கண்ணாடியில் இருந்தது. அன்று பஸ்ஸில் போனோம். கீழ்வீட்டு அம்மா எல்லாவற்றையும் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். சாயந்தரம் கார்க் கூரையில் ஒரு பெரிய கார்ட்போட் மட்டையும் பனி சுரண்டும் பிளாஸ்டிக் தகடும் இருந்தன. அவருடைய காரில் மட்டை எப்படித் துடைப்பானுக்குக் கீழே செருகப்பட்டிருக்கிறது என்று பார்த்து நானும் செருகினேன். மறுநாள் மட்டையை எடுத்தால் கண்ணாடி சுத்தமாக இருந்தது. எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

சிரித்தபடி உள்ளே ஏறி உட்கார்ந்தேன். மற்ற இருவரும் ஏறிக் கதவைச் சாத்தினார்கள். தெரு முனை வருவதற்குள் கண்ணாடி மீண்டும் வெள்ளையானது. துடைப்பானைப் போட்டேன், அது அங்கும் இங்கும் ஓடியது, ஒன்றும் மாறவில்லை. கையை நீட்டித் தொட்டபோதுதான் தெரிந்தது: பனி உள்பக்கம்.

"உள்ளுக்கை எப்பிடியடா தம்பி ஐஸ் வரும்?" என்றார் அண்ணை. "உள்ளுக்கை மழை பெய்யிறதோ?"

எனக்கும் விளங்கவில்லை. வெளியே வருவது வானத்திலிருந்து வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். உள்ளே வருவது எங்கிருந்து? கதவெல்லாம் பூட்டு, கண்ணாடியெல்லாம் ஏற்றியிருக்கிறது. பக்கத்துக் கார்களில் எட்டிப் பார்த்தேன், ஒன்றிலும் உள்ளே பனி இல்லை. ஒருநாள் ரப்பர் ஓட்டை என்று நினைத்துக் கதவு விளிம்பெல்லாம் ஒட்டுநாடா ஒட்டினேன். அதன்பிறகு இன்னும் கூடியது. விற்றவன் எங்களை ஏமாற்றிவிட்டான் என்று அவனைத் திட்டினேன். காரில் இருந்த சூடாக்கி, பெயருக்குத்தான் சூடாக்கி. லுட்சேர்னை நெருங்கும்போதுதான் அதற்கு மூச்சு வரும். பரீட்சை நாளில் அதை நம்ப முடியுமா?

"கார் மூச்சு விடுகுது மச்சான்," என்றான் மட்டக்களப்பான். "மறுகா அந்த மூச்சுத்தான் உறையுது."

நாங்கள் அவனை நாள் முழுக்கக் கேலி செய்தோம். எங்கள் மூவரில் உண்மைக்குக் கிட்டப் போனவன் அவன்தான் என்று அப்போது எப்படித் தெரியும்?

அண்ணை வேறு விதமாக யோசித்தார். வெள்ளிக்கிழமைகளில்தான் உள்பனி கூடுதலாக இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்தவர் அவர். நானும் கவனித்தேன், உண்மைதான். மற்ற நாட்களில் மெல்லிய வெண்மை, வெள்ளிக்கிழமை என்றால் கண்ணாடி முழுக்கக் கட்டி. இது ஏதோ தெய்வக் குற்றம் என்றார் அண்ணை. வெள்ளிக்கிழமை விரதத்தை நாங்கள் ஒழுங்காகப் பிடிக்கவில்லையாம். குசினியில் இறைச்சிச் சட்டியைத் தொடுகிறோமாம். அதுவரை வெள்ளியில் தலைக்குத் தண்ணீர் வார்த்துத் தோய்ந்தவர் அவர் மட்டும்தான். ஆகவே இனி வெள்ளி தோறும் மூவரும் தலையோடு தோய்ந்து, சாமிப் படத்துக்கு முன் நின்று, திருநீறு பூசி, அதன்பிறகே காரில் ஏறுவது என்று முடிவானது. இரவில் குளிக்கத் தடை என்பதால் விடியற்காலையில்தான் தோய்ந்தோம். அந்தக் காலத்தில் எங்கள் எல்லோருக்கும் காதை மூடிய முடி, துவட்டினாலும் தண்ணீர் சொட்டும். அப்படியே தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு காருக்குள் ஓடுவோம். அடுத்த வெள்ளி பனி இரட்டிப்பானது. இன்னும் பக்தி போதாது என்று அண்ணை சனிக்கிழமையும் தோயச் சொன்னார். சனிக்கிழமையும் கட்டி கட்டியாக உறைந்தது. எனக்குக் கடவுள் மேலேயே கோபம் வந்தது.

பரீட்சைக்கு முந்திய நாள் நானே ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். கல்லில் எண்ணெய் தடவினால் தோசை ஒட்டாது, கண்ணாடியில் எண்ணெய் தடவினால் பனி ஒட்டாது. தலைக்கு வைக்கும் தேங்காயெண்ணெயை எடுத்து உள்பக்கம் முழுக்க ஒரு பூச்சுப் பூசினேன். வேலைக்குப் போகும் நேரம் பார்த்தால் தேங்காயெண்ணெயே உறைந்து வெண்ணெய் மாதிரி நின்றது. மட்டக்களப்பான் அதை விரலால் வழித்துத் தன் தலையில் தடவிக்கொண்டான். சிரிக்கவேண்டிய இடம் அது. எனக்கு அழுகை முட்டியது. வெடித்த விரல்களால் அந்தக் கொழுப்பைத் துடைத்து எடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

வெள்ளி விடிந்தது. நான் எழும்புவதற்கு முன்பே குளியலறையில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அண்ணை தோய்ந்தார், பிறகு மட்டக்களப்பான், பிறகு நான். ஹோட்டலில் இருவரும் அரைநாள் லீவு கேட்டு வாங்கியிருந்தார்கள். எனக்கு அது தெரியாது.

"நீங்கள் ஏன் அண்ணை வாறியள்? நான் தனியப் போட்டு வாறன்," என்றேன்.

"பேய்க்கதை கதைக்காதை. நல்ல காரியத்துக்குத் தனியப் போறதோ?" என்று சொல்லிக்கொண்டே அவர் முன் இருக்கையில் ஏறினார். மடியில் இரண்டு எலுமிச்சம்பழங்கள். பின்னால் மட்டக்களப்பான், கையில் சுரண்டும் தகடு.

கற்பூரம் கொளுத்தி, ஒரு பழத்தை ரயருக்குக் கீழ் வைத்து நசித்து, புறப்பட்ட கொஞ்ச நேரத்திலேயே காருக்குள்ளிருந்து எதுவும் தெரியவில்லை. மட்டக்களப்பான் பின்னாலிருந்து எட்டி எட்டிச் சுரண்டினான். சுரண்டிய பனித்தூள் என் மடியில் விழுந்தது. ஒரு கை அளவு ஓட்டை மட்டும் கிடைத்தது. அந்த ஓட்டைக்குள் குனிந்து பார்த்தபடி லுட்சேர்ன் வரை ஓடினேன். அண்ணை தேவாரம் பாடினார். பாடப் பாட ஓட்டை சுருங்கியது.

பரீட்சை நிலையத்து வளவில் காரை நிறுத்தினேன். யன்னலோரம் நின்ற ஒருவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது அந்த ஓட்டையால் தெரிந்தது. அவர்தான் பரீட்சகர் என்பது வெளியே வந்து கை தந்தபோது விளங்கியது. நரைத்த மீசை, தடித்த கோட்டு. காரைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். கதவைத் திறந்து, உள்கண்ணாடியில் விரலை வைத்துக் கோடு இழுத்தார். பிறகு எங்களைப் பார்த்தார். நாங்கள் இறங்கி வரிசையில் நின்றோம். தொப்பிகளை மரியாதைக்குக் கழற்றியிருந்தோம். மூன்று தலைகளிலிருந்தும் ஆவி எழுந்துகொண்டிருந்தது.

"இவர்களுக்கும் இன்றைக்குப் பரீட்சையா?" என்று அவர் எனக்கு விளங்கும்படி மெதுவாக ஜெர்மனில் கேட்டார்.

"இல்லை. எனக்கு மட்டும்."

"அப்படியானால் எல்லோரும் ஏன் தலை நனைத்திருக்கிறீர்கள்?"

"எனக்குப் பரீட்சை. அதனால் குளித்தோம்."

"சரி, நீங்கள் குளித்தீர்கள். இவர்கள்?"

என் ஜெர்மன் போதாதது ஒரு பக்கம். தமிழில் கேட்டிருந்தாலும் நான் முழித்துக்கொண்டுதான் நின்றிருப்பேன். அவர்கள் ஏன் குளித்தார்கள்? எனக்காகத்தான். அதை ஒரு அரசாங்க ஆளுக்கு எப்படிச் சொல்வது? "இவர்கள் என்னுடைய ஆட்கள்," என்றேன்.

அவர் கண்ணாடியில் இருந்த ஓட்டையைத் திரும்பவும் பார்த்தார். முடிந்தது, பொலிசைக் கூப்பிடப்போகிறார் என்று நினைத்தேன். ஓட்டையால் பார்த்து ஓடுவது இங்கே பெரிய குற்றம் என்று எனக்கும் தெரியும். ஆனால் அவர், "நீங்கள் வந்ததை நான் பார்க்கவில்லை," என்றார். அவர் பார்த்ததை நான் பார்த்தேன். பிறகு அவர் மற்ற இருவர் பக்கமும் திரும்பி, விரலை நீட்டிச் சொன்னார்: "இவர் தனியாகத்தான் ஓட வேண்டும். ஈரத் தலைகள் ஏறக்கூடாது. விளங்கியதா?"

"யா, யா," என்றார் அண்ணை, பள்ளிக்கூடத்தில் நிற்பது போல நின்றுகொண்டு.

பரீட்சகர் தன் காரிலிருந்து ஒரு சுரண்டியும் துணியும் எடுத்து வந்து உள்கண்ணாடியைத் தானே சுத்தம் செய்தார். நான்கு கதவுகளையும் திறந்து போட்டார். எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு ஓடச் சொன்னார். தை மாதக் காற்று ஈரத் தலையில் அடித்தது. காது இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. ஆனால் பாதை பளிச்சென்று தெரிந்தது. சந்தி, பாதசாரிக் கடவை, ஏரிக்கரை, மேட்டில் நிறுத்தி எடுத்தல் எல்லாம் ஓடிக்காட்டினேன். திரும்பி வந்தபோது அவர் கை தந்தார். என் விரல்களைப் பார்த்ததும் பிடியைத் தளர்த்திக்கொண்டார். பாஸ்.

அவர்கள் இருவரும் உள்ளே போகாமல் வளவிலேயே நின்றிருந்தார்கள். முடி விறைத்து நட்டுக்கொண்டு நின்றது. நான் தலையை ஆட்டியதும் மட்டக்களப்பான் கத்தினான், அண்ணை மிச்ச எலுமிச்சம்பழத்தை என் கையில் திணித்தார். "ஏறுங்கோ," என்றேன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"நாங்கள் பஸ்சிலை வாறம்," என்றார் அண்ணை.

"என்ன விசர்க்கதை? ஏறுங்கோ அண்ணை."

"ஒபிசர் எங்களைப் பாத்து என்ன சொன்னவர்? தனியத்தான் ஓடவேணும் எண்டு. அவரின்ரை வாயாலை வந்தது சட்டம். இப்பதான் கிடைச்ச லைசென்ஸ், அதைத் துலைக்கப் போறியோ?"

அது பரீட்சைக்குத்தான் சொன்னது என்றேன். சொல்லும்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பரீட்சைக்கு மட்டுமா சொன்னார்? அப்படியானால் ஈரத் தலை என்று ஏன் சேர்த்துச் சொன்னார்? அரைகுறை ஜெர்மனில் விளங்கியது முழுதும் சரிதானா? லைசென்ஸ் கைக்கு வந்ததும் முன்னும் பின்னும் திருப்பிப் படித்தேன். அப்படி ஒன்றும் எழுதியிருக்கவில்லை. "எழுதாத சட்டம்தான் இஞ்சை அதிகம்," என்றார் அண்ணை. போய்க் கேட்கலாம் என்றேன். கேட்டால் இல்லாததையும் கிளறிவிடுவார்கள், எங்கள் மூவரின் மனுவும் அவர்கள் மேசையில் கிடக்கிறது என்றார். எனக்கும் பயம். யாரும் யாரையும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவர்கள் பஸ்சில், நான் காரில்.

மாசியில் சலவைக்காரரிடம் சேர்ந்தேன். தினமும் காலை காரில் தனியாகப் போய் அங்கே வானை எடுப்பேன். வீட்டில் பழையபடி வெள்ளி தோறும் தோய்ந்தோம், நான் மட்டும் தலையை அடுப்புக்குக் கிட்டக் காட்டிக் காயவைத்தேன். ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி. உள்கண்ணாடியில் ஒரு பொட்டுப் பனி இல்லை. மெல்ல மெல்ல எனக்கு விளங்கியது: பனி எங்கள் ஈரத் தலைகளிலிருந்தும் மூச்சிலிருந்தும்தான் வந்திருக்கிறது. தெய்வமும் இல்லை, விற்றவனும் இல்லை. ஓடிப்போய் அண்ணையிடம் சொன்னேன். தலையைக் காயவிட்டு வாருங்கள், பெரிதாக ஒன்றும் வராது என்றேன்.

"அது தண்ணியின்ரை கதை," என்றார் அவர். "நான் கதைக்கிறது சட்டம்."

மட்டக்களப்பானைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். "அண்ணை சரியெண்டா நானும் வாறன் மச்சான்," என்றான். "மறுகா உனக்கொரு கரைச்சல் வந்தா நான் எந்த மூஞ்சியோட முழிக்கிற?"

நான் போகும் வழியில்தான் அவர்களுடைய பஸ் தரிப்பிடம். இருட்டில், தெருவிளக்குக்குக் கீழ், இரண்டு கம்பளித் தொப்பிகள். நான் கடந்து போகும்போது இருவரும் கை காட்டுவார்கள். அவர்களும் காசு போட்டு வாங்கிய கார் அது. அதைத் தனியாக ஓட்டிக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போவது எனக்கு நெஞ்சில் கல் வைத்தது போலிருக்கும். அவர்கள் மேல் கோபமும் வரும். என்னைக் கள்ளனாக்குகிறார்களே என்று பல்லைக் கடிப்பேன். யார் சரி, யார் பிழை என்று எனக்குத் தெரியவே இல்லை. அந்தப் பரீட்சகர் இருவரையும் பார்த்து விரல் நீட்டாமல் இருந்திருக்கலாம்.

பங்குனிப் பக்கம் எதிர்பாராமல் பெரிய பனி கொட்டியது. பஸ் வரவில்லை. தரிப்பிடத்தில் இருவர் தோளிலும் பனி ஏறியிருந்தது. அன்றும் வெள்ளி. அண்ணையின் தொப்பிக்கு வெளியே நீட்டிய முடியில் பனித்துளிகள் விறைத்து நின்றன. நான் பிரேக்கை அழுத்திக் கதவைத் திறந்தேன்.

"இண்டைக்கு ஏறாட்டில் இனி நான் உங்களோடை கதைக்கமாட்டன்," என்றேன்.

அண்ணை கிட்ட வந்தார். ஏறுவார் என்று நினைத்தேன். குனிந்து, ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த என் கையை எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புதுத்தோல் வந்திருந்தது. வெடிப்பு ஒன்றுகூட இல்லை.

"வடிவா ஆறியிட்டுது," என்றார். "கதவைச் சாத்திப்போட்டுப் போ தம்பி. கண்ணாடியிலை பனி பிடிக்கப் போகுது."

பின்னால் நின்ற கார்க்காரன் ஹோன் அடித்தான். நான் கதவைச் சாத்தினேன்.